வண்டி தலை குனிஞ்சு நின்னா உங்களுக்கு என்ன மானம் போகுது?

மூணு வாரமா எதுவும் எழுத முடியல. தக்காளி பறிப்பு ஒரு பக்கம், வண்டி வேலை ஒரு பக்கம். தக்காளி விலையப் பத்தி எழுதுங்கன்னு ரெண்டு பேர் போன் பண்ணாங்க. நான் எழுதி விலை ஏறப்போறதில்ல. அதனால இன்னைக்கு வண்டியப் பத்தி எழுதறேன். கொஞ்சம் கோவமாத்தான் எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

போன வாரம் எங்க ஊர் டீக்கடை முன்னாடி ஆறு பிக்கப் வண்டி வரிசையா நின்னுச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் இறக்கிட்டுத் திரும்பின வண்டிங்க. ஆறுல நாலு வண்டி முன்பக்கம் தூக்கி வச்சது. ஒண்ணு ரெண்டு வண்டி, பாரம் இல்லாதப்பவே வானத்தைப் பார்த்துட்டு நிக்குது. எங்க அக்கா மகன் புதுசா ஒரு பழைய வண்டி எடுத்திருக்கான். அவன் வந்து, "மாமா, வெறும் வண்டியா நின்னா முன்னாடி ரெண்டு இஞ்ச் தலை குனிஞ்சு நிக்குது, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. முன்னாடி தூக்கி, நல்ல ஹெவி ஷாக் போடலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச பட்டறை சொல்லுங்க"ன்னு கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலத்தான் இங்க எல்லாருக்குமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். இதே கூத்த நானும் பண்ணவன்தான். 2021-ல ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். முன்னாடியும் ஸ்பிரிங் பட்டை, பின்னாடியும் ஸ்பிரிங் பட்டை. இதே டீக்கடையில நிக்கிறப்ப, "என்னண்ணே, வண்டி கும்பிட்டுட்டே நிக்குது"ன்னு ஒரு தம்பி சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கல. டவுன்ல ஒரு ஸ்பேர் கடையில போய்க் கேட்டேன். "ஹெவி டியூட்டி ஷாக் போடுங்க, முன்னாடி தானா தூக்கிரும்"னு கடைக்காரர் சொன்னாரு. போட்டேன். ஒரு நூலு கூடத் தூக்கல. திரும்பப் போனா, "அப்ப பட்டை ஒண்ணு சேர்த்துக்கங்க"ன்னாரு. சேர்த்தேன். வண்டி நிமிந்துச்சு. மொத்தம் ஒன்பதாயிரம் ரூபா. அன்னைக்குத் தக்காளி 14 கிலோ பெட்டி எனக்கு நூறு ரூபாய்க்குப் போச்சு. தொண்ணூறு பெட்டித் தக்காளிய ஒரு தம்பியோட சிரிப்புக்குக் குடுத்திருக்கேன்.

பணம் போனதோட முடிஞ்சிருந்தா இத எழுத வேண்டியதில்ல.

அந்த ஐப்பசியில ஒருநாள் விடியக்காலம் நாலரை மணி. பின்னாடி தொண்ணூறு பெட்டி. பெட்டியோட சேர்த்து 1,400 கிலோ பக்கம் இருக்கும். வண்டிக்கு அனுமதிச்ச பாரத்துக்குள்ளதான். வேகமும் நாப்பதுதான். எதிர்ல எங்க சித்தப்பா, சொந்தச் சித்தப்பா இல்ல, பங்காளி முறை, மொபெட்டுல பால் கேன் மாட்டிக்கிட்டு சொசைட்டிக்கு வர்றாரு. நான் லைட்ட டிம்முலதான் போட்டிருந்தேன். ஆனா அவர் கண்ண மூடிக்கிட்டு ஓரமா ஒதுங்குனத நான் பாத்தேன். அடுத்த நொடி ஆளக் காணோம். பிரேக்கை அமுக்கினா வண்டி நினைச்ச இடத்துல நிக்கல, முன்னாடி துள்ளித் துள்ளிப் போய் நின்னுச்சு. இறங்கி ஓடிப் பாத்தா வாய்க்காலுக்குள்ள கிடக்கறாரு. இடது மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. பால் பூரா மண்ணுல.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுட்டு இருக்கறப்ப அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஏன்டா, லைட்ட வானத்துக்கா அடிச்சுக்கிட்டு வர்ற?"

அவர் போலீசுக்குப் போகல. போயிருந்தா என் கதை வேற. ரெண்டு மாசம் அவரோட ரெண்டு மாட்டையும் நானும் வீட்டம்மாவும்தான் போய்க் கறந்தோம். அதுல ஒரு மாடு புது ஆள் கை பட்டாலே பால எக்கிக்கும். ஒவ்வொரு நாளும் அரை லிட்டர், ஒரு லிட்டர்னு அவருக்கு நட்டம். அவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லல. அதுதான் எனக்கு இன்னமும் உறுத்துது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பிக்கப் வண்டி வெறுமையா நிக்கிறப்ப பின்னாடி ஏத்தமாவும் முன்னாடி இறக்கமாவும் இருக்கறது குறையில்ல. அப்படித்தான் அத செஞ்சிருக்காங்க. ஏன்னா அது பாரம் ஏத்துற வண்டி. பாரம் பூரா பின் சக்கரத்து மேலதான் உக்காரும். பாரம் ஏறினா பின்னாடி இறங்கும், அப்ப வண்டி சமமா நிக்கும். நீங்க வெறும் வண்டிய சமமா நிக்க வச்சீங்கன்னா, பாரம் ஏறினதும் அது அண்ணாந்து நிக்கும். டீக்கடையில நிக்கிறப்ப அழகா இருக்கணும்னு, ரோட்டுல போறப்ப கோணலா ஓட்டுறோம்.

மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு இத விளக்கவே வேண்டாம். முன்பாரம், பின்பாரம்னு சொல்லுவோம். முன்பாரம் கூடினா மாட்டுக் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினா நுகம் மேல தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்த நெரிக்கும். எங்க அப்பா எரு ஏத்தி முடிச்சதும் ஏர்க்காலைக் கையால ஒரு தூக்குத் தூக்கிப் பாப்பாரு. லேசாத் தூக்குச்சுன்னா பின்னாடி இருந்து நாலு கூடை எடுத்து முன்னாடி கொட்டச் சொல்லுவாரு. அவருக்கு வண்டி அழகா நிக்குதான்னு கவலை இல்ல, மாடு மூச்சு விடுதான்னுதான் கவலை. பிக்கப்புல மாடு இல்ல. ஆனா பின்பாரம் கூடி முன்னாடி தூக்குச்சுன்னா முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். ஸ்டீயரிங் லேசா, மிதக்கற மாதிரி இருக்கும். "ஸ்டீயரிங் சும்மா வெண்ண மாதிரி சுத்துதுண்ணே"ன்னு பெருமையாச் சொல்றாங்க. அது பெருமை இல்ல, எச்சரிக்கை.

லைட்டுக் கணக்கையும் பாருங்க. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல சுமாரா பத்து அடின்னு வச்சுக்குவோம். முன்னாடி ரெண்டு இஞ்ச் தூக்கினா பத்து அடிக்கு ரெண்டு இஞ்ச் சாய்வு. அப்ப நூறு அடி தூரத்துல வெளிச்சம் இருபது இஞ்ச் மேல போகும். எதிர்ல மொபெட்டுல வர்றவரோட இடுப்புக்குக் கீழ விழ வேண்டிய வெளிச்சம் நேரா கண்ணுல அடிக்கும். டிம் போட்டாலும் அதேதான். ஆறாவது படிக்கிற பிள்ளை போடற கணக்கு இது. நான் போடல. எங்க சித்தப்பா கை உடைஞ்ச பிறகுதான் ஸ்கேல் எடுத்தேன்.

அடுத்து ஷாக். இதுலதான் ஏமாத்து அதிகம். வண்டியோட பாரத்தத் தாங்கறது ஸ்பிரிங். ஷாக் பாரம் தாங்கறதில்ல. குழந்தையத் தூளியில போட்டா பாரம் தாங்கறது சேலையும் கயிறும். ஆட்டத்த நிறுத்தறது அம்மாவோட கை. ஷாக் அந்தக் கை மாதிரி. பள்ளத்துல விழுந்து ஸ்பிரிங் துள்ளறப்ப அந்தத் துள்ளல எண்ணெய்க்குள்ள அடக்கி, சக்கரம் ரோட்ட விட்டுப் பிரியாமப் பாத்துக்கறதுதான் அதோட வேலை. சக்கரம் ரோட்டுல இருந்தாத்தான் பிரேக் பிடிக்கும், திருப்பினா திரும்பும். அதனால, "இந்த ஷாக் போட்டா வண்டி தூக்கும், பாரம் கூடத் தாங்கும்"னு யாராவது சொன்னா, அவருக்குத் தெரியலன்னு அர்த்தம், இல்ல தெரிஞ்சே விக்கறாருன்னு அர்த்தம். கேஸ் ஷாக்குல உள்ள இருக்கற அழுத்தத்தால துளி உசரும், கண்ணுக்குத் தெரியாது. சில வண்டியில ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்து வரும். அதுல உசந்தாலும் ஸ்பிரிங்தான் உசத்துது, ஷாக் இல்ல. முறுக்குக் கம்பி வச்ச வண்டியில போல்ட்டத் திருகினா முன்னாடி ஏறும். ஆனா கம்பிக்குப் புதுசா பலம் வராது. சக்கரம் பள்ளத்துக்குள்ள இறங்கறதுக்கு இருந்த இடம்தான் குறையும்.

இன்னொண்ணும் நடக்கும். வண்டியத் தூக்கிட்டு பழைய நீளத்து ஷாக்கையே விட்டா, அது ஏற்கெனவே பாதிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கும். பள்ளத்துல சக்கரம் இறங்கறப்ப ஷாக் முழுசா நீண்டு டங்குன்னு இழுத்துப் பிடிக்கும். கொஞ்ச நாள்ல சீல் போயி எண்ணெய் ஒழுகும். "புது ஷாக், மூணு மாசம் கூட வரல, கம்பெனி சரியில்ல"ன்னு திட்டுவோம். கம்பெனி மேல தப்பில்ல, அளவு மேல தப்பு. என் வண்டி அன்னைக்குத் துள்ளித் துள்ளி நின்னதுக்குக் காரணமும் அதுதான். ஒரு பக்கத்து ஷாக் செத்துப் போயிருந்துச்சு. எனக்குத் தெரியல, பாக்கவும் இல்ல. நிமிந்து நிக்குதான்னு மட்டும் தினமும் பாத்தேன்.

"அண்ணே, நம்ம பாதை உங்களுக்குத் தெரியாதா? ஓடைக் கல்லு, வரப்பு மேடு. தூக்கலைன்னா அடி தட்டும்"னு சொல்லுவீங்க. இது நியாயமான பேச்சுதான், பதில் சொல்றேன். பட்டை வச்ச வண்டியில கீழ தட்டறது எது? பெரும்பாலும் ஆக்சிலும் அதுக்கு நடுவுல இருக்கற உருண்டையும். ஆக்சில் எவ்வளவு உயரத்துல நிக்கும்னு முடிவு பண்றது டயர். நீங்க மேல எத்தனை பட்டை சேர்த்தாலும் சேசிஸ்தான் மேல போகும், ஆக்சில் ஒரு மயிரிழை கூட ஏறாது. தேஞ்ச டயர மாத்தி, கம்பெனி சொன்ன அளவு டயர் போட்டு, காத்து சரியா வச்சாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, தோட்டத்துப் பாதையில ரெண்டு டிப்பர் கிராவல் கொட்டினா உங்க வண்டிக்கும் ஆகும், அடுத்தவன் வண்டிக்கும் ஆகும். ஒன்பதாயிரத்துக்கு அதைச் செஞ்சிருக்கலாம்.

பின்னாடி பட்டை சேர்க்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பல பிக்கப்புகள்ல பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு சின்ன கம்பி போகும். பாரம் ஏறி சேசிஸ் இறங்கினா, அந்தக் கம்பி பிரேக் வால்வுக்குச் சொல்லி, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் குடுக்க வைக்கும். நீங்க ரெண்டு பட்டை சேர்த்து பின்னாடி இறங்காம நிறுத்திட்டா, வால்வு வண்டி வெறுமையா இருக்குன்னு நினைச்சுக்கும். ரெண்டு டன் ஏத்திக்கிட்டு வெறும் வண்டியோட பின் பிரேக்குல இறக்கத்துல வருவீங்க. பட்டை சேர்த்தா வண்டி தாங்கும்னு நினைக்கறோம். ஆக்சில், பேரிங், டயர், பிரேக் இதெல்லாம் சேர்த்தோமா? ஆர்.சி. புக்குல போட்டிருக்கற மொத்த எடை பட்டைக்கு மட்டும் போட்டதில்ல. 2019 திருத்தத்துக்கு அப்புறம் கூடுதல் பாரத்துக்கு சட்டத்துல இருக்கற அபராதம் 20,000 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல குனிஞ்சு பாக்கறது அங்கதான்.

சரி, அப்ப என்னதான் செய்யணும்? அக்கா மகனுக்குச் சொன்னத அப்படியே சொல்றேன்.

முதல்ல அளந்து பாருங்க. சமமான தரையில, வெறும் வண்டியா நிறுத்தி, நாலு சக்கரத்துலயும் சக்கர நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு எழுதிக்கங்க. அப்புறம் வழக்கமா ஏத்தற பாரத்தோட ஒருதடவை அளங்க. வெறுமையா பின்னாடி ஏத்தமாவும், பாரத்தோட கிட்டத்தட்ட சமமாவும் இருந்தா வண்டி நல்லா இருக்கு, தொடாதீங்க. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தாலோ, முன்னாடி ரொம்ப அமுங்கி ரப்பர் ஸ்டாப்பர்ல இடிச்சாலோ, பட்டை சோர்ந்து போச்சுன்னு அர்த்தம். அதுக்கு ஷாக் மருந்தில்ல. பட்டையப் பிரிச்சுப் பாத்து, உடைஞ்சத மாத்தி, வளைவு போனதுக்கு அதே அளவு புதுப் பட்டை போடணும். ஒரு பக்கம் மட்டும் போட்டா மறுபடி சாயும், ரெண்டு பக்கமும் போடணும்.

எடை மேடையில முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒருதடவை, முழு வண்டியும் ஏத்தி ஒருதடவை எடை போடுங்க. முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு தெரிஞ்சிரும். பெட்டிய முன்னாடி தள்ளி, கேபினை ஒட்டி அடுக்கினாலே பின்பாரம் குறையறத நீங்களே பாப்பீங்க. எங்க அப்பா கையால தூக்கிப் பாத்தது இதுதான்.

ஷாக் செத்துப்போச்சான்னு பாக்க, குழாய் மேல எண்ணெய் ஒழுகி மண்ணு ஒட்டியிருக்கான்னு பாருங்க. டயர் மேல உள்ளங்கைய வச்சுத் தடவினா பள்ளமும் மேடுமா தட்டுப்படுதான்னு பாருங்க. வேகத்தடை தாண்டின பிறகு வண்டி ஒரு ஆட்டத்தோட அடங்கணும். ரெண்டு மூணு தடவை ஆடினா ஷாக் போச்சு. அப்ப ஒரே ஆக்சில்ல இருக்கற ரெண்டையும் ஜோடியா மாத்துங்க.

வாங்கறப்ப வண்டி மாடலுக்கு உண்டான பார்ட் நம்பர் கேளுங்க. பழசையும் கையோட எடுத்துட்டுப் போங்க. நீட்டின நீளம், அமுக்கின நீளம், புஷ் ஓட்டை மூணும் ஒத்துப்போகணும். நாள் பூரா மோசமான ரோட்டுல ஓடற வண்டிக்குக் கேஸ் ஷாக் நல்லது, சூட்டுல எண்ணெய் நுரைக்கறது குறையும். அதுக்கு மேல ரேஸ் வண்டி ஷாக்கெல்லாம் நமக்கு வேண்டாம். எண்ணெய் ஊத்தி வெல்டு வச்ச பழைய ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கும். அத மட்டும் வாங்கவே வாங்காதீங்க. பில்லு போட்டு வாங்குங்க. மாட்டறதுக்கு முன்னாடி நிமித்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை இழுத்து அமுக்கி காத்த எடுக்கச் சொல்லுங்க. ஜாக்கியில தொங்கறப்ப புஷ் போல்ட்ட முழுசா முறுக்க விடாதீங்க. சக்கரம் தரையில நின்ன பிறகு முறுக்கினாத்தான் ரப்பர் கிழியாம வரும். கடைசியா, வழக்கமான பாரத்தோட ஒரு சுவர் முன்னாடி நிறுத்தி, ஹெட்லைட்ட இறக்கி வைங்க. லைட்ட இறக்கறதுக்குத் திருகு இருக்கு. கேபின்லயே சக்கரம் வச்ச வண்டியும் இருக்கு. அத ஒருநாளாவது திருகியிருக்கீங்களா?

நான் சேர்த்த பட்டையக் கழட்டிட்டேன். பட்டறைக்காரர்கிட்ட குடுத்து அதுல ரெண்டு அரிவாள் அடிச்சு வாங்கினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு சித்தப்பாவுக்கு. அவரு அதுலதான் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டறாரு. மணிக்கட்டு இன்னும் முழுசா மடங்கல, மெதுவாத்தான் வெட்டறாரு. அந்த ஒன்பதாயிரத்துல எனக்கு உருப்படியா மிஞ்சினது அந்த ரெண்டு அரிவாள்தான்.

அக்கா மகன் இதெல்லாம் கேட்டுட்டு, "சரி மாமா, ஷாக் மட்டும் ஜோடியா மாத்திக்கறேன், ஆனா பசங்க கிண்டல் பண்ணுவாங்களே"ன்னான். பண்ணட்டும் மாப்ள. டீக்கடையில பத்து நிமிஷம் சிரிப்பாங்க. விடியக்காலம் எதிர்ல பால் கேனோட ஒரு மனுசன் வருவாரு. வண்டி அவருக்குத் தலை குனிஞ்சே வரட்டும், தப்பில்ல.

உங்க வண்டிய இந்த வாரம் ஒருதடவை டேப் வச்சு அளந்து பாருங்க. இப்ப தண்ணி பாய்ச்சற முறை, மோட்டார் போடப் போகணும். அடுத்த வாரம் முருங்கையப் பத்தி எழுதறேன்.